மாணவர் தலைவரின் கடைசிக் கடமை

மாசி மாதம் பிறந்துவிட்டால் நம் பள்ளிக்கூடங்களில் பிரிவுபசார விழாக்கள் தொடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வு நெருங்குகிற சமயம் அது. தேர்வுக்குச் சில நாட்கள் முன்னதாக, பதினோராம் வகுப்பார் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, லட்டும் மிக்சரும் தேநீரும் வாங்கி, பெரிய வகுப்பாரை உட்காரவைத்து உபசரிப்பார்கள். வேப்பமரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டுக் குரூப் போட்டோ எடுப்பார்கள். தலைமையாசிரியர் புத்திமதி கூறுவார். கடைசியாக மாணவர் தலைவர் எழுந்து நன்றி சொல்வார்.

அந்த நன்றியுரையைக் கேட்டிருப்பவர்களுக்கு அதன் சுவை தெரியும். முதல் இரண்டு நிமிஷம் எழுதி வைத்த காகிதம் பேசும். தலைமையாசிரியருக்கு நன்றி, துணைத் தலைமையாசிரியருக்கு நன்றி, கணக்கு வாத்தியாருக்கு நன்றி, அலுவலகத்தாருக்கு நன்றி. மூன்றாவது நிமிஷத்தில் குரல் கம்மும். காகிதம் மடிந்து கைக்குள் போய்விடும். "ஏதாவது தப்புச் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லும்போது, அதுவரை பிரம்பும் கையுமாக நின்ற உடற்பயிற்சி ஆசிரியரே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதை வெறும் சடங்கு என்று ஒதுக்குவோரும் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை ஊரார் முன் நின்று "உங்களால் உயர்ந்தேன்" என்று சொல்லக் கற்றுக்கொள்வது சிறிய படிப்பல்ல. பெரியவர்களிலேயே எத்தனை பேருக்கு அது வருகிறது? எனவே விழா வேண்டும், கண்ணீரும் வேண்டும், லட்டும் வேண்டும். ஆனால் அந்த நன்றிப் பட்டியலில் இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றை நிரப்புவதே மாணவர் தலைவரின் கடைசிக் கடமை என்பது நம் கட்சி.

உப்பளத்தில் அதே வேளை

விஷயம் விளங்க வேண்டுமானால் மரக்காணம் கரைக்கு வர வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்கிறவர்கள், கண்ணாடி பதித்தாற்போல் பாத்தி பாத்தியாக மின்னும் உப்பளங்களை அங்கே பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கழுவெளி என்னும் பெரிய உவர்நீர் ஏரி. ஆந்திரத்திலிருந்து கரையோரமாகவே ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் தன் தெற்கு முனையை அடைவதும் இந்த ஊரில்தான். கழுவெளியைத் தமிழ்நாடு அரசு 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-ல் அது உலகப் புகழ் பெற்ற ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. பறவைகளுக்குக் கிடைத்த இந்தக் கவனம் பக்கத்தில் உப்பு வாருகிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்கள் மூழ்கிப்போகும். அந்த மாதங்களில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. தை பிறந்ததும் தேங்கிய நீரை வடித்து, சேற்றை வழித்து, கரைந்த வரப்புகளைக் கட்டி, பாத்தியின் தளத்தைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். தளம் சரியாக இறுகாவிட்டால் உப்பில் மண் கலந்து நிறம் மாறிவிடும், விலை போகாது. பிறகு உப்பு நீரைப் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்றவிடுவார்கள். சாதாரணக் கடல் நீர் அளவுமானியில் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். அது வற்றி 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். மேலும் வற்றவிட்டால் கசப்பு இறங்கிவிடும். அந்தப் பக்குவம் பார்த்து, மரப்பலகையால் இழுத்துக் குவித்து, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, கரையில் அம்பாரம் போட வேண்டும்.

இந்த வேலை சூடுபிடிக்கும் மாதம் எது தெரியுமா? பிரிவுபசாரம் நடக்கும் அதே மாசிதான். மழைக்காலம் முழுவதும் கூலி இல்லாமல் கடன் வாங்கிக் காலம் தள்ளிய வீடு, அந்த மாதத்தில் ஒரு நாள் கூலியையும் விட்டுக்கொடுக்க முடியாது. பள்ளி மேடையில் மகள் "என் அன்னைக்கு நன்றி" என்று சொல்லும் வேளையில், அந்த அன்னை உப்புத் தண்ணீரில் கணுக்கால் அளவு நின்றுகொண்டிருப்பாள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூச வைக்கும். காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் உப்புநீர் பட்டு அது ஆறாத புண்ணாகும். மகள் சொன்ன நன்றி அவள் காதில் விழுவதேயில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த சமுதாயம் நம்முடையது. மற்ற ஊர்களில் அது ஒரு பழமொழி. மரக்காணத்தில் அது குடும்பக் கணக்கு. அங்கே பல பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் பேனாவும் உப்பு வாரிய கூலியில் வாங்கியவை. அப்படியிருக்க, உப்பிட்டவர் இல்லாத சபையில் நன்றி கூறிவிட்டுக் கலைவது பொருத்தமா? பட்டியலில் முதல் காலியிடம் இதுதான்.

சத்துணவுக் கூடத்தில் கண் எரிய அடுப்பு மூட்டும் அம்மாவையும் இதே வரிசையில் சேர்க்கலாம். வகுப்பறையைப் பெருக்கும் ஆயாவையும் சேர்க்கலாம். அவர்கள் விழா நடக்கும் இடத்துக்கு இருபது அடி தூரத்திலேயே இருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

சட்டாம்பிள்ளையின் உத்தியோகம்

இரண்டாவது காலியிடத்தைச் சொல்வதற்கு முன், மாணவர் தலைவர் என்ற பதவியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். நம்மில் பலர் இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்த மாணாக்கன். சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்றுக்கொடுப்பது, முறை சொல்லிக்கொடுப்பது, கணக்கு ஒப்பிக்க வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. 1789-ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்குத் தலைமை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளையே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் இந்த வழக்கத்தைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் அதைக் கையாண்டார். 1796-ல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டே அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1830-களில் எழுந்த பள்ளிக்கு மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

சட்டாம்பிள்ளைக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. பள்ளிக்கு வராத பையனைத் தேடிப் போவது! நாலு பெரிய பையன்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பரண்மேல் ஒளிந்திருந்தாலும் விடமாட்டான். குண்டுக்கட்டாகத் தூக்கிவந்து வாத்தியார் முன் இறக்குவான். சில சட்டாம்பிள்ளைகள் அவலும் கடலையும் லஞ்சம் வாங்கிக்கொண்டு, "வீட்டில் இல்லை" என்று பொய் சொன்னதும் உண்டு. அந்தக் காலத்து அடிதடியை நாம் ஆதரிக்கவில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி எது என்று கவனியுங்கள். வந்தவர்களை வரிசையில் நிறுத்துவது மட்டும் தலைவன் வேலையல்ல. வராதவன் ஏன் வரவில்லை என்று அறிவதும் அவன் வேலை.

பிற்காலத்தில் இந்தப் பதவிக்குச் சட்டையில் குத்தும் வில்லை வந்தது, அதிகாரம் போயிற்று. காலை வணக்கக் கூட்டத்தில் "நேர் நில்" என்று குரல் கொடுப்பதும், விருந்தினருக்குப் பொன்னாடை எடுத்துத் தருவதும், ஆண்டு முடிவில் நன்றி சொல்வதுமாகப் பல பள்ளிகளில் அது சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024-ல் "மகிழ் முற்றம்" என்ற பெயரில் மாணவர் குழுக்களை அமைத்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்திணைப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் மாணவத் தலைவர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நெய்தல் அணிக்குத் தலைமை தாங்கும் பிள்ளை, நெய்தல் நிலத்தில் பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால்தான் பெயருக்கேற்ற பொருள் உண்டாகும்.

போட்டோவில் இல்லாதவர்கள்

இதுதான் இரண்டாவது காலியிடம். குரூப் போட்டோ எடுக்கும்போது புகைப்படக்காரர், "நெருங்கி நில்லுங்கள், இடைவெளி விடாதீர்கள்" என்பார். பிள்ளைகள் நெருங்கி நிற்பார்கள். இடைவெளி மறைந்துவிடும். ஆறாம் வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்து நடுவில் காணாமற்போனவர்களின் இடமும் அதோடு மறைந்துவிடும்.

அவர்கள் எங்கே போனார்கள்? கூனிமேட்டிலும் அனுமந்தையிலும் கந்தாட்டிலும் கேட்டால் யாரும் பெரிய மர்மம் எதையும் சொல்லப்போவதில்லை. இப்படிப்பட்ட கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். தகப்பனார் நோயில் விழுந்தார், மூத்த பையன் படகுக்குப் போய்விட்டான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறினான், வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வரவில்லை, சென்னையில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டான். தாய் உப்பளத்துக்குப் போனாள், கைக்குழந்தையைப் பார்க்க அக்காள் வீட்டில் நின்றாள். மாமன் வீட்டில் பெண் கேட்டார்கள், படிப்பு நின்றது. ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தில் முடிகிற கதை. அந்த ஒரு வாக்கியத்தோடு ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்வு முடிந்துபோகிறது.

மரக்காணம் கரையில் இடி மேல் இடியும் விழுந்திருக்கிறது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. 2020-ம் ஆண்டு மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன; சின்ன வகுப்புகள் திறக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2023-ம் ஆண்டு மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. 2024-ம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. வீட்டைத் தாங்குகிறவர் வீழ்ந்தாலும், தொழில் மூழ்கினாலும், வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பிள்ளையின் படிப்புத்தான்.

இந்த மண்ணுக்கு ஒரு பெருமையும் உண்டு. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு கொண்டுவந்த "இல்லம் தேடிக் கல்வி" திட்டம், 2021-ம் ஆண்டு அக்டோபர் 27-ல் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஊரிலுள்ள படித்த இளைஞர்களும் பெண்களும் தன்னார்வலர்களாக முன்வந்து, மாலை வேளையில் திண்ணையிலும் மரத்தடியிலும் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பிள்ளையைத் தேடிப் பள்ளி போனது! பழைய சட்டாம்பிள்ளை செய்த காரியத்தை, பிரம்பை விட்டுவிட்டு அன்போடு செய்தார்கள். அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் தடையில்லாமல் படித்திருந்தால், அவர்களுடைய பன்னிரண்டாம் வகுப்பு 2025-26-ல் வரும். அந்த அணியின் தலைவர் நன்றி சொல்ல எழும்போது, அந்த மாலை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எத்தனை பேர் கூடவே வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும். நம் வாதம் முழுவதும் விளங்கிவிடும்.

பிரிவுபசாரமே காணாத பெரியவர்கள்

பள்ளியை நடுவில் விட்டவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று எண்ணுகிறவர்கள் நம் நாட்டுச் சரித்திரத்தைப் பார்க்கட்டும். விருதுநகரில் தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்த ஒரு பையன், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமன் கடையில் வேலைக்கு நின்றான். அவனுக்கு யாரும் பிரிவுபசாரம் நடத்தவில்லை. குரூப் போட்டோவும் இல்லை. அவர்தான் 1954-ல் முதலமைச்சராகி, ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்து, 1956-ல் பகல் உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்த காமராஜர். கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போன பையன்தான், 1982-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய எம்.ஜி.ஆர். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. கட்சிகள் மாறின, உலை அணையவில்லை.

பள்ளியில் இருக்க முடியாமற்போனவர்களுக்குத்தான் பள்ளியின் அருமை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் தங்களுக்குக் கிடைக்காததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்தார்கள். ஆனால் நின்றுபோன பிள்ளைகள் எல்லாரும் காமராஜராக முடியுமா? முடியாது. லட்சத்தில் ஒருவர் அரசாள வருவார் என்று சொல்லி மற்றவர்களை உப்பிலும் வெயிலிலும் விட்டுவிட முடியாது.

குரூப் போட்டோவைப் பற்றி இன்னொரு பெரியவரின் கதையும் உண்டு. ராமேசுவரம் கரையில் பிறந்த அப்துல் கலாம், குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்தபோது பிரிவுபசாரப் படம் எடுத்தார்கள். ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். கலாம் மூன்றாவது வரிசையில் நின்றார். ஆஸ்திரிய நாட்டுப் பேராசிரியர் ஸ்பாண்டர் எழுந்து, அவரைத் தேடி அழைத்து, தம் பக்கத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் "அக்னிச் சிறகுகள்" நூலில் கலாம் இதை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அதே நூலில் இன்னொரு நன்றியும் உண்டு. அந்தக் கல்லூரியில் சேர அப்போது சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்காள் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். படத்தில் அந்த அக்காள் இல்லை. ஆனால் கலாம் மறக்கவில்லை. முன்வரிசையில் இடம் கிடைத்தவர், தமக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று ஊரறியச் சொன்னார். மாணவர் தலைவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு எது?

"இது பிள்ளைக்கு ஏன்?"

சிலர் மறுப்புச் சொல்லலாம். "சந்தோஷமான நாளில் இல்லாதவர்களைப் பற்றிப் பேசி ஏன் அழவைக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி. பிரிவுபசார நாளில் எப்படியும் அழத்தான் போகிறார்கள். அந்தக் கண்ணீரில் இரண்டு சொட்டு அவர்களுக்காகவும் விழட்டுமே. மேடையில் பெயர் வாசிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் செய்வது ஏழை வீட்டு மானத்தைச் சந்தையில் வைப்பது போலாகும். கூடவே கூடாது.

"இது அரசாங்கத்தின் வேலை, பிள்ளையின் வேலையா?" என்று இன்னொரு கேள்வி. அரசாங்கம் ஒவ்வொரு மாணவனுக்கும் எமிஸ் எண் கொடுத்துக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. இடைநின்றவர்களைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு வீடாகப் போவதும் உண்டு. அந்தப் பொறுப்பை அவர்களிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கணினிக்குத் தெரியாதது வகுப்புத் தோழிக்குத் தெரியும். எந்தப் பெண்ணுக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பது பக்கத்து பெஞ்சுக்கு முதலில் தெரியும். எந்தப் பையன் அடுத்த திங்கட்கிழமை வரமாட்டான் என்பது அவனோடு சைக்கிளில் வருகிறவனுக்குத் தெரியும். பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறையாமல் செய்யும் திருமணம் சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்குச் சொன்னால் போதும். அதை ஒரு டீச்சரிடம் காதோடு காதாகச் சொல்லும் தைரியம் ஒரு மாணவத் தலைவிக்கு இருந்தால், அவள் அணிந்திருக்கும் வில்லைக்கு மதிப்பு உண்டு.

"பரீட்சை நேரத்தில் இந்தச் சுமை எதற்கு?" என்று மூன்றாவது கேள்வி. நியாயமான கேள்விதான். அதனால்தான் இது கடைசி நாள் வேலையாக மட்டும் இருக்கக் கூடாது. ஆண்டு முழுவதும் துளித் துளியாகச் செய்து, கடைசி நாளில் ஒப்படைக்கிற காரியமாக இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை மூன்று

முதலாவது, விழாவின் நேரம். உப்பளத்தில் வேலை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறியதும் ஓயும் நாட்கள் உண்டு. பிரிவுபசாரத்தை முற்பகலில் வைப்பதற்குப் பதிலாக மாலையில் வைத்தால் என்ன? ஒரு நாள் கூலி போகாமல் தாய்மார்கள் வர முடியும். தலைவர் போய் அழைக்கட்டும். அழைப்பிதழ் அச்சிடத் தேவையில்லை, வாய்வார்த்தை போதும்.

இரண்டாவது, முன்வரிசை. அதில் விருந்தினர்கள் கொஞ்சம் நகர்ந்து, உப்பளத் தாய்மார்களுக்கும் மீனவத் தந்தைமார்களுக்கும் சத்துணவு சமைத்த அம்மாவுக்கும் இடம் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் இதை மறுக்க மாட்டார்கள். 1950-களின் பிற்பகுதியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறைக்குத் தலைமை தாங்கிய காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் நிலமும் பொதுமக்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவரை மேடையேற்றிப் பாராட்டிய நாடு இது. உழைப்பைக் கொடுத்தவருக்கு ஒரு நாற்காலி போடுவது புதிய வழக்கம் அல்ல.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தலைவராகிறவர் தம் வகுப்பில் ஆறாவதில் சேர்ந்தவர்களின் பெயர்களை அதில் எழுதட்டும். யார் இருக்கிறார்கள், யார் வேறு பள்ளி மாறினார்கள், யார் நின்றுவிட்டார்கள், ஏன் என்று ஒரு வரி. அந்தப் புத்தகம் வகுப்பாசிரியரின் மேஜைக்குள் இருக்கட்டும். பிறர் கண்ணில் பட வேண்டாம். பிரிவுபசார நாளில் மாலை, பொன்னாடையோடு இந்தப் புத்தகத்தையும் புதிய தலைவர் கையில் கொடுக்கட்டும். "இத்தனை பேரை என்னால் அழைத்துவர முடியவில்லை. நீ முயன்று பார்" என்று சொல்லட்டும். அதைவிடச் சிறந்த நன்றியுரையை எந்தத் தமிழாசிரியரும் எழுதித் தர முடியாது.

நின்றவர்களுக்கு வழி இல்லாமலும் இல்லை. தவறிய பாடத்தை அதே ஆண்டில் துணைத்தேர்வில் எழுதலாம். தனித்தேர்வராகவும் எழுதலாம். ஐ.டி.ஐ. இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் "புதுமைப்பெண்" திட்டம் 2022-லும், பையன்களுக்கான "தமிழ்ப் புதல்வன்" 2024-லும் தொடங்கின. மழைக்கால வேலையின்மையைத் தாங்க உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 தரும் ஏற்பாடும் 2022-ல் வந்தது. வழிகள் அரசாணையில் மட்டும் இருந்தால் போதாது. ஒருவர் வீட்டு வாசலுக்குப் போய், "வா, விண்ணப்பம் எழுதலாம்" என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடுகிறவர் கூடப் படித்தவராக இருந்தால், கூச்சம் பாதி கரைந்துவிடும்.

பாணன் காட்டிய வழி

இதெல்லாம் புதுமை என்று யாரும் மலைக்க வேண்டாம். இதே கரையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உள்ள வழக்கம் இது. மரக்காணத்துக்கு வடக்கே சிறிது தூரத்தில் இடைக்கழிநாடு இருக்கிறது. அந்த நாட்டு நல்லூரைச் சேர்ந்த நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். பாடப்பட்ட வள்ளல் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்.

அந்தப் பாட்டில் ஒரு பாணன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். வீட்டில் குப்பைக் கீரையைப் பறித்து, போட உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களே என்று வாசற்கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்ற வீடு அது. உப்பு விளையும் கரையைப் பாடிய பாட்டில், உப்பில்லாத உலையைப் புலவர் காட்டினார்! அந்தப் பாணன் நல்லியக்கோடனிடம் போய்ப் பரிசு பெற்றுச் செல்வனாகிறான். பிறகு என்ன செய்தான்? வள்ளலைப் புகழ்ந்து விருந்துண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. வழியில் இன்னொரு ஏழைப் பாணனைக் கண்டதும் நிறுத்தி, "இப்படிப் போ, இந்த ஊர் வரும், இன்ன உணவு கிடைக்கும், அவனிடம் சென்றால் உன் பசியும் தீரும்" என்று வழி சொன்னான். ஆற்றுப்படை என்ற சொல்லுக்கே வழிப்படுத்துதல் என்றுதான் பொருள். பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே நன்றி என்று நம் முன்னோர் கண்டார்கள். அதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தார்கள்.

மரக்காணம் கரையிலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும், பள்ளியை விட்டுப் புறப்படும் மாணவர் தலைவர்களே! ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லுங்கள். குரல் கம்மினால் கம்மட்டும், வெட்கம் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாயைப் பார்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகு வீட்டுக்குப் போகும் வழியில், ஆறாம் வகுப்பில் உங்களோடு உட்கார்ந்திருந்தவரின் வீடு இருந்தால், சைக்கிளை நிறுத்தி இறங்குங்கள். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்த வீட்டுக் கதவு திறந்தால், உங்கள் நன்றியுரை அங்கேதான் நிறைவேறும்.